நடுப்பங்கு

பொய் சொன்னது நாந்தான். அத முதல்லயே சொல்லிப்புடுறேன். அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு ஜோடிச்சுக்கிட்டுத் திரிய வேணாம்.

எம்பேரு ராக்கு. போடியில ஒத்த ரூம்புல வாடகைக்கு இருக்கேன். புருசன் போயி ஒம்பது வருசமாச்சு. இருவத்தெட்டு வருசமா ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவ. காலையில அஞ்சரைக்கு ஜீப்பு. பத்துப் பேரு ஏறுற வண்டியில பதினேழு பேர அடைப்பாங்க. மலை வளைவுல ஒருத்தி மடியில ஒருத்தி கெடப்போம். ஏலக்காய் என்ன மாங்காயா, நின்னுக்கிட்டுப் பறிக்க? தரையோட தரையா சரம் ஓடும், அதுலதான் காய்க்கும். ஈரத்துல ஒக்காந்து, செடிக்குச் செடி ஊந்து ஊந்து எடுக்கணும். ரெண்டு முழங்காலும் போச்சு. எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். சாகுறதுக்குள்ள அந்த ஜீப்புல இருந்து எறங்கிரணும். அத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க.

நாங்க நாலு பேரு. மூத்தவரு சீனிச்சாமி, அடுத்து வெள்ளைத்துரை, அடுத்து நான், கடைக்குட்டி பால்ராஜ். சொந்த ஊரு சிலமலை. எங்கப்பா செத்தப்ப வெள்ளைத்துரை அண்ணன் ஒரு பட்டுச்சேலைய எடுத்துக்கிட்டு வந்து, "ஒரு கையெழுத்துப் போடு ஆத்தா, பொறந்த வீடு உன்னைய விட்டுருமா"ன்னாரு. சிலமலை நிலத்துல எனக்குப் பங்கு வேணாம்னு எழுதியிருந்துச்சு அதுல. நானும் போட்டேன், கூறுகெட்டவ. அந்தச் சேலைய ரெண்டு தடவ கட்டியிருப்பேன். பொறந்த வீடும் அதுக்கப்புறம் ரெண்டு தடவதான் என்னையக் கூப்புட்டுச்சு.

மூத்தவரு அந்த நிலத்துல பங்கே கேக்கல. அவருக்குக் குரங்கணிக்கு மேல மூணு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்துச்சு, அவரே பாடுபட்டு வாங்குனது. மலையிலயே கெடந்தாரு. கல்யாணம் பண்ணலன்னு ஊருக்குள்ள பேச்சு.

பண்ணாரு. எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும்.

இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு தை மாசம், "ஒரு சோலி இருக்கு, வா"ன்னு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனாரு. தோட்டத்துக்கு மேல கருப்பசாமின்னு ஒரு கல்லு நிக்கும். அங்க சந்திரவல்லி புதுச்சேலை கட்டி நின்னா. அந்தத் தோட்டத்துல காய் எடுக்க வந்தவதான். எங்க சாதி இல்ல. எங்கையில தட்டக் குடுத்து, சூடத்த ஏத்தச் சொன்னாரு. மஞ்சக்கயித்த அவ கழுத்துல கட்டிப்புட்டு எங்கிட்டத் திரும்பி, "இனி இவ உனக்கு மதினி. ஆனா வெளிய தெரிஞ்சா ரெண்டு பக்கமும் அருவாளோட வருவாங்கெ. நேரம் பாத்து நானே சொல்றேன். அது வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது"ன்னாரு. சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுனேன். எறங்கி வர்றப்ப, "பாத்து வாங்க மதினி, வழுக்கும்"னேன். அவ சிரிச்சா. அப்படிக் கூப்புட்டது அன்னைக்கு ஒரு தடவதான்.

நேரம் பாத்துச் சொல்றேன்னவரு சொல்லவே இல்ல. எங்கண்ணன் மேல எனக்கு எம்புட்டுப் பாசமோ அம்புட்டுக் கோவம். மலையில தனியா யானைய வெரட்டுன மனுசன், தம்பிமாரு மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்ல பயந்து செத்தாரு. வெள்ளைத்துரை அண்ணன் தோட்டத்துக்கு வந்தா சந்திரவல்லி தாலிய ரவிக்கைக்குள்ள போட்டுக்கிட்டு, காய் எடுக்குற பொம்பளைகளோட போயி ஒக்காந்துக்குவா. காய் காயவைக்கிற ஸ்டோருக்கு ஒட்டுனாப்புல ஒரு ரூம்பு. அதுதான் அவளுக்கு வீடு. கூலிக்காரிக்கு விட்ட ரூம்புன்னு மத்தவங்க நெனச்சுக்கிட்டாக.

இந்த ஆவணியில மூத்தவரு போயிட்டாரு. காயக் கொட்டிக்கிட்டு இருந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாராம். எங்கள ஏத்திக்கிட்டுப் போற ஜீப்ப ஓட்டுற ஒச்சப்பன் அதுல போட்டுக் கொண்டாந்தான், குரங்கணி தாண்டுறதுக்குள்ள உசுரு போச்சு. சிலமலையிலதான் எடுத்தோம். சந்திரவல்லி தோட்டத்துப் பொம்பளைகளோட வந்து கூட்டத்துக்குக் கடைசியில நின்னா. முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு அழுதா. கூலிக்காரி மொதலாளிக்காக அழுகுற அளவுக்குத்தான அழுகணும்? அதுக்கு மேல சத்தம் வந்துறக்கூடாதேன்னு திணிச்சிருக்கா. நான் பாத்தேன். பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

எட்டாம் நாளு வி.ஏ.ஓ. வந்தாரு, வாரிசு விசாரணைக்கு. "கல்யாணம் ஆகாதவரு, நாங்க மூணு பேருதாங்க"ன்னாரு வெள்ளைத்துரை அண்ணன். அப்பாவோட நிலம் மாதிரி இதுல என்னைய ஒதுக்க முடியாது. நானும் கையெழுத்துப் போட்டாத்தான் காரியம் நடக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டு, மூணுல ஒண்ணு குடுத்தாத்தான் போடுவேன்னு முன்னாடியே சண்டை கட்டி வாங்கி வச்சிருந்தேன். ஒரு ஏக்கர்! குத்தகைக்கு விட்டாக்கூட ஜீப்ப மறந்துறலாம்.

"தோட்டத்துல ஒரு பொம்பள இருக்காமுல்ல?"ன்னு வி.ஏ.ஓ. கேட்டாரு. "நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா உங்க மூணு பேருக்கும் ஒரு செண்டு கிடையாது."

அண்ணனும் தம்பியும் என்னையப் பாத்தாக. அடிக்கடி தோட்டத்துக்குப் போயி வந்தவ நாந்தான.

"அவளா? கூலிக்கு இருக்கவ"ன்னேன்.

எழுதிக் காட்டுனாரு, கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே, அத மீறலாமான்னு மனசு சொல்லுச்சு. அந்தச் சத்தியம் அன்னைக்கு எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு.

ஆனா கருமாதி நெருங்க நெருங்க ஒரே குடைச்சல். எங்க பக்கம், புருசன் செத்தவளுக்குக் கருமாதிக்குள்ள கோடி போடணும். அவ பொறந்த வீட்டுல இருந்து புதுச்சேலை கொண்டாந்து தலையில போர்த்துவாக. அது இல்லாதவ அனாதை. சந்திரவல்லிய அவ வீட்டு ஆளுக என்னைக்கோ தலமுழுகிட்டாக. யாரு போடுவா? சரி, ஒரு சேலைய எடுத்து அவ கையில குடுத்துட்டு வந்துருவோம், மனசு ஆறிரும்னு நெனச்சேன். போடியில கடைக்குப் போயி, ஊதாக் கரை போட்ட நூல்சேலை ஒண்ணு எடுத்தேன். கருமாதிக்கு மொத நாளு ஒச்சப்பன் ஜீப்புல மேல போனேன்.

ஸ்டோர் வாசல்ல பச்சைக்காயப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. கூட நாலு பொம்பளைக. ஒச்சப்பன் காய் மூட்டைய ஏத்திக்கிட்டு நின்னான். நான் பைய நீட்டுனேன். அவ பைய வாங்கல. உள்ள இருந்த சேலையப் பாத்தா, என்னையப் பாத்தா, அப்படியே தலையக் குனிஞ்சுட்டா.

அந்தத் தலைய நான் என்ன செய்ய? எங்கை தன்னால பிரிச்சுருச்சு. போர்த்திட்டேன். போர்த்துனதும் அவ எங்கால் மாட்டுல விழுந்து அழுதா பாருங்க, சிலமலையில அழுகாத அழுகை அம்புட்டும் அங்க அழுதா. காய் பொறுக்குன பொம்பளைக எந்திரிச்சு நின்னுட்டாக. எனக்குப் பயமாப் போச்சு. "வெரசா போகணும்"னு சொல்லி ஜீப்புல ஏறிட்டேன். ஏறுறப்ப அவ மூக்கச் சிந்திக்கிட்டு, "இது போதும் ராக்கு, இனி நான் பேசிக்கிறேன்"னா. என்ன பேசப்போறா, துக்கத்துல ஒளருறான்னு விட்டுட்டேன்.

அடுத்த மாசம் ஒருநா பங்கு பிரிக்கத் தோட்டத்துக்குப் போனோம். அன்னைக்கே வி.ஏ.ஓ.வுக்கு மேல உள்ள ஆர்.ஐ. நேர்ல விசாரிக்க வர்றாருன்னு தகவல். அது சும்மா கண்தொடைப்புன்னாரு வெள்ளைத்துரை அண்ணன். நைலான் கயித்த ரெண்டு சுருள் கொண்டாந்திருந்தாரு. எங்க வழக்கத்துல மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதல்ல எடுப்பான். அப்பத்தான் பிரிக்கிறவன் ஓரவஞ்சனை பண்ண மாட்டான். அண்ணன் ஏக்கர் கணக்கப் பாக்கல, அது சரிதான். மலைச்சரிவுல ஏக்கர் என்ன ஏக்கர்? ஏலச்செடித் தூரத்தான் எண்ணணும். எண்ணி எண்ணி கயிறு இழுத்தாரு. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஜீப்புரோட்ட ஒட்டி ஒண்ணு.

பால்ராஜ் ரோட்டுப் பக்கத்த எடுத்துக்கிட்டான். அடுத்து எம்முறை. நடுப்பங்குல ஊத்து இருக்கு. கோடையிலயும் தண்ணி வத்தாது. "நடுவு எனக்கு"ன்னேன். ஸ்டோரும் சந்திரவல்லி ரூம்பும் அந்த நடுப்பங்குலதான் நின்னுச்சு.

"அப்ப அவளக் காலி பண்ணுறது உம்பாடு"ன்னாரு அண்ணன்.

"எம்பங்கு, நான் பாத்துக்கிறேன்"ன்னேன்.

கயித்தோட ஒரு முனைய எங்கையில குடுத்து, பலா மரத்துல கட்டச் சொன்னாரு. அந்த மரம் அவ ரூம்பு சன்னலுக்கு நேரா நிக்கும். கயிறு அவ துணி தொவைக்கிற கல்லுக்கு மேல போச்சு. காஞ்சுக்கிட்டு இருந்த பாவாடைய ஒதுக்கித்தள்ளிட்டு முடிச்சுப் போட்டேன். நல்லா இறுக்கித்தான் போட்டேன், பொய் சொல்லக்கூடாது.

அப்ப ஒச்சப்பன் ஜீப்புல ஆர்.ஐ. வந்து எறங்குனாரு. மூணு பேரும் கும்பிட்டோம். அவரு ஒரு காகிதத்த எடுத்து, "சந்திரவல்லிங்கறது யாரு?"ன்னாரு.

ரூம்புக் கதவு தொறந்துச்சு. ஊதாக் கரை போட்ட சேலை. நான் போர்த்துன சேலையேதான். அறுக்காத தாலி வெளிய கெடந்துச்சு. வெள்ளைத்துரை அண்ணன் அதப் பாத்து வாயப் பொளந்துட்டாரு.

"இவங்க மனு குடுத்திருக்காங்க"ன்னாரு ஆர்.ஐ. "நாந்தான் அவரு சம்சாரம், தாலி கட்டுனப்ப கூட இருந்த சாட்சி உசுரோட இருக்குன்னு எழுதியிருக்காங்க. சாட்சி பேரு ராக்கு, இறந்தவரோட தங்கச்சி. நீங்கதான அது?"

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுச்சு. அவ ஒளரல. கோடி போட்டவ கைவிட மாட்டான்னு நம்பி எம்பேர எழுதியிருக்கா. யாராச்சும் போடுவாளா இப்படி ஒரு கோடிய, வி.ஏ.ஓ.கிட்டப் பொய்யும் சொல்லிப்புட்டு! நாந்தான் போட்டேன்.

"என்ன ஆத்தா இது?"ன்னாரு அண்ணன். பல்லக் கடிச்சுக்கிட்டு, "சொல்லு, கூலிக்காரின்னு சொல்லு."

"இந்தச் சேலைய நீங்கதான் போட்டதா சொல்றாங்க"ன்னாரு ஆர்.ஐ.

"பாவம்னு... ஒரு சேலை எடுத்துக் குடுத்தேன் சார். கூலிக்காரிதான, தீவாளிக்கு எடுத்துக் குடுக்குறதில்லையா?"

சொல்லி முடிக்கல, ஜீப்புல சாஞ்சுக்கிட்டு நின்ன ஒச்சப்பன், "ஏ ராக்கு, பாவம்னா கையில குடுத்துட்டுப் போகணும். நீ தலையில போர்த்துனியே, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்"ன்னான். அந்த நாலு பொம்பளைகளும் காய்க்கூடைய எறக்கி வச்சுட்டு வந்து நின்னாளுக. என்னையவே பாத்தாளுக. இருவத்தெட்டு வருசமா அவளுகளோட ஒரே ஜீப்புல ஏறி எறங்குனவ நான்.

சந்திரவல்லி மட்டும் என்னையப் பாக்கல. பலா மரத்துல நான் போட்ட முடிச்சப் பாத்துக்கிட்டு நின்னா.

எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. எங்கண்ணனாச்சும் பட்டுச்சேலை குடுத்து எங்கையெழுத்த வாங்குனாரு. நான் நூல்சேலையோட முடிச்சுக்கப் பாத்தேன். அவரத் திருடன் திருடன்னு பத்து வருசம் ஜீப்பு நெறைய ஏசுனேனே, அதே சோலியத்தான நானும் பாத்துக்கிட்டு நிக்கேன்! ஒரு பக்கம் அந்த ஊத்து சலசலன்னு ஓடுற சத்தம் கேக்குது. எம்பங்கு, எம்பங்குன்னு நெஞ்சு அடிச்சுக்கிருது. அழுகை வேற வருது. சனியன், அழுதுக்கிட்டேதான் சொன்னேன்.

"அவுக எங்க மதினி சார். மேல கருப்பசாமி கல்லுல கட்டுனாரு. நாந்தான் சூடம் ஏத்துனேன்."

"அப்ப வி.ஏ.ஓ.கிட்டக் குடுத்த வாக்குமூலம்?"

"பொய்."

ஆர்.ஐ. ஏசுனாரு, நல்லா ஏசுனாரு, வாங்கிக்கிட்டேன். தாலுகா ஆபீசுக்கு வந்து எழுத்துல குடுக்கணும், உங்க அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனா அங்கயும் வந்து சொல்லணும், லேசுல முடியாதுன்னாரு. வர்றேன்னேன்.

பால்ராஜ் தரையப் பாத்துக்கிட்டு நின்னான். வெள்ளைத்துரை அண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "அந்தச் சாதிக்காரிக்காகக் குடும்பத்தச் சந்தியில நிப்பாட்டிட்டேல்ல? இனி உனக்குப் பொறந்த வீடு கிடையாது"ன்னாரு.

"ரெண்டு தடவ கூப்புட்டீக. அது போதும்ணே"ன்னேன்.

அவுகளும் ஆர்.ஐ.யும் ஜீப்புல ஏறி மலையெறங்கிப் போயிட்டாக. எனக்குச் சாயங்காலம் ஆள் வண்டி வந்தாத்தான் போக முடியும். தொவைக்கிற கல்லுல ஒக்காந்தேன். மதினி பலா மரத்துக்கிட்டப் போயி எம்முடிச்ச அவுக்கப் பாத்தா, வரல. பல்லால கடிச்சு அவுத்தா. கயித்தச் சுருட்டி ஸ்டோர் ஆணியில மாட்டிட்டு வந்து நின்னா. ஏதாச்சும் நல்ல வார்த்த சொல்லுவான்னு நெனச்சேன். நெனப்புக்கு என்ன கொறைச்சல்.

"இத ஒரு மாசத்துக்கு முந்தி சிலமலையில வச்சுச் சொல்லியிருந்தா,"ன்னா, "அவரு தலமாட்டுல ஒக்காந்து அழுதிருப்பேன் ராக்கு."

பங்கு பிரிச்சத அவுத்துச் சுருட்டிரலாம். இதுக்கு நான் எங்க போயி என்னத்தக் கொண்டாந்து குடுக்க? குனிஞ்சு ஒக்காந்திருந்தேன். அவ கூடைய எடுத்துக்கிட்டா. நாலடி போயித் திரும்பாமயே சொன்னா.

"அடுத்த எடுப்புக்குக் காய் பழுத்து நிக்குது. ஆள் பத்தல. வர்றதுன்னா நாளைக்கு வா. மத்தவளுகளுக்கு என்ன கூலியோ அதுதான்."

சுரீர்னு ஏறுச்சு எனக்கு. கூலிக்காரின்னு நான் சொன்ன சொல்ல எம்மேலயே எறிஞ்சுட்டா பாத்தீங்களா! போடி நீயும் உந்தோட்டமும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். பழிக்குக் கூப்புட்டாளா, பரிதாபப்பட்டுக் கூப்புட்டாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேக்கவும் இல்ல.

மறுநா அஞ்சரைக்கு ஜீப்பு ஸ்டாண்டுல தூக்குவாளியோட நின்னேன். தெனமும் ஒச்சப்பன் வண்டி மேல தட்டி, "சீனிச்சாமி தோட்டம், சீனிச்சாமி தோட்டம்"னு கூவித்தான் ஆள் ஏத்துவான். அன்னைக்கும் வண்டியத் தட்டுனான், வாயத் தொறந்தான், அப்படியே நிப்பாட்டிட்டு என்னையப் பாத்தான். என்னன்னு கூவன்னு அவனுக்குத் தெரியல.

"என்னடா முழிக்கிற?"ன்னுட்டு நானே கூவுனேன், ஸ்டாண்டு முழுக்கக் கேக்குற மாதிரி. "சந்திரவல்லி தோட்டம்! சந்திரவல்லி தோட்டத்துக்கு ஆள் ஏறுங்கடி!"

நாலஞ்சு பேரு வந்தாளுக. அவளுகள ஏறவிட்டு, முழங்காலப் புடிச்சுக்கிட்டு நானும் ஏறுனேன்.